தீவனம் இல்லை, திரும்பிப் போங்கள்

புரூக்ளினில் பிராட்வே ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது அங்கேதான் ரயில் மாறுவேன். தரையிலிருந்து ரொம்ப உயரத்தில் நடைமேடை. பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாக எவர்கிரீன்ஸ் கல்லறைத் தோட்டம். பல வருஷம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறேன். ஒரு நாள் ரயில் வராமல் போக, கீழே இறங்கி அந்தத் தோட்டத்துக்குள் நடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது: இந்தப் பக்கம்தான் அந்தக் காலத்து ஜமைக்கா கணவாய். அமெரிக்க விடுதலைப் போரில், 1776 ஆகஸ்ட் 26ஆம் தேதி இரவு, ஏறக்குறைய பத்தாயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தக் குன்றுகளின் இடைவெளி வழியாகச் சத்தம் காட்டாமல் நுழைந்து, அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

கணவாயைக் காக்க அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். குதிரையில் வந்த ஐந்து இளம் அதிகாரிகள். ஐந்து பேரையும் ஒரு வேட்டுக்கூடச் சுடவிடாமல் பிடித்துவிட்டார்கள்.

அந்த ஐந்து என்ற எண் என்னைத் தூங்க விடவில்லை. ஏன் ஐந்து பேர் மட்டும்? தேடிப் படிக்கப் படிக்க, அந்த இரவைவிட அதற்கு ஆறு வாரம் முன்னால் நடந்த ஒரு விஷயம்தான் மனதில் உட்கார்ந்துகொண்டது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

1776 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் ஜெனரல் ஹோவின் கப்பல்கள் நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேல். வாஷிங்டன் பக்கத்துக் காலனிகளுக்கெல்லாம் ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கனெக்டிகட் ஆளுநர் ஜோனதன் ட்ரம்புல் யோசித்தார். காலாட்கள் திரண்டு நடந்து வர நாளாகும், குதிரைக்காரர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். முதலில் அவர்களை அனுப்பிவிட்டார். லெப்டினன்ட் கர்னல் தாமஸ் சீமோர் தலைமையில் நானூறு, ஐந்நூறு பேர் ஜூலையில் நியூயார்க்குக்குள் நுழைந்தார்கள்.

அவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். விவசாயிகள். குடும்பஸ்தர்கள். பலருக்கு நடுவயது தாண்டிவிட்டது. குதிரை சொந்தக் குதிரை, சேணம் சொந்தச் சேணம். சீருடை என்று ஒன்றும் கிடையாது. வாளும் குட்டைத் துப்பாக்கியும் இருக்க வேண்டிய இடத்தில், வேட்டைக்கு எடுத்துப் போகும் நீளத் துப்பாக்கிகள். பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் அதிகாரி, தங்கள் ஊரில் வாத்து சுட வைத்திருக்கும் துப்பாக்கி மாதிரி இருந்தது என்று பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அதில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியூ இங்கிலாந்தில் ஜூலை என்றால் புல் அறுத்துக் காயவைத்துக் குவித்து வைக்கும் மாதம். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் பனிக்காலம் முழுக்க மாட்டுக்கும் குதிரைக்கும் தின்ன ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள்.

வந்தவர்களிடம் வாஷிங்டன் சொன்ன முதல் விஷயமே, உங்கள் குதிரைகளுக்குக் கொடுக்க இங்கே தீவனம் இல்லை என்பதுதான்.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் கும்பகோணத்தில் ஜட்கா ஓட்டினார். நான் பார்க்கும்போது வண்டி போய், குதிரை போய், கொல்லையில் ஒரு மரத்தொட்டி மட்டும் மிச்சம் இருந்தது. கொள்ளு ஊறவைத்த தொட்டி. விளிம்பெல்லாம் குதிரை பல்லால் கடித்துக் கடித்து அரை வட்டமாகத் தேய்ந்திருக்கும். விரலை வைத்துத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். அப்பா சொல்வார்: தாத்தா சாயங்காலம் கையில் வரும் காசில் முதலில் புல்லுக்கட்டு வாங்குவாராம், அடுத்தது கொள்ளு, அதற்கப்புறம்தான் வீட்டுக்கு அரிசி. சவாரி கிடைக்காத நாளிலும் குதிரை தின்னும். மழையில் வண்டி சும்மா நின்றாலும் தின்னும். "மனுஷன் ஒரு வேளை பட்டினி கிடந்தா சமாளிச்சுக்குவான், குதிரைக்கு வயித்துவலி வந்துடும்டா" என்பாராம்.

அதனால் வாஷிங்டனின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை செய்யும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஒன்பது, பத்து கிலோ தீவனமாவது வேண்டும். ஐந்நூறு குதிரை என்றால் நாளுக்கு ஐந்து டன். மன்ஹாட்டன் ஒரு தீவு. சுற்றிலும் இருக்கும் தண்ணீர் எந்த நேரமும் எதிரிக் கப்பல் கைக்குப் போய்விடலாம். ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கே ரொட்டியும் கூடாரமும் தட்டுப்பாடு. இதில் ஐந்நூறு குதிரையை எங்கே மேய விடுவது? குதிரைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஆட்கள் மட்டும் காலாட்களாக இருங்கள் என்றார். முதலில் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் அது முறிந்தது. பதுங்குகுழி வெட்டச் சொன்னார்கள், காவல் நிற்கச் சொன்னார்கள். குதிரைப்படை ஆட்களுக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது, அந்த விலக்கு எங்களுக்கு உண்டு என்றார்கள் இவர்கள். இதை வெறும் திமிர் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். குதிரையையும் சேணத்தையும் சொந்தச் செலவில் வைத்துக் காப்பாற்றுகிறவன், அதற்குப் பதிலாக ஓர் அந்தஸ்தை எதிர்பார்க்கிறான். குதிரையையும் திருப்பி அனுப்பு, மண்வெட்டியையும் பிடி என்றால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஆனால் பக்கத்திலேயே வெயிலில் மண் வெட்டிக்கொண்டிருக்கும் மாசசூசெட்ஸ் காலாள் இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பான்? வாஷிங்டனுக்கு அந்தக் கவலை.

ஜூலை 16ஆம் தேதி அவர் சீமோரின் ஆட்களுக்கு எழுதிய பதில் கறாரானது. காவல் நிற்கமாட்டோம், குதிரையில்லாமல் வேலை செய்யமாட்டோம் என்றால் உங்களால் இங்கே பயனில்லை, எவ்வளவு சீக்கிரம் போனாலும் எனக்குக் கவலையில்லை. மறுநாள் காங்கிரஸுக்கும் தகவல் எழுதிவிட்டார். (நம்மூர்க் காங்கிரஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். 13 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய அவைக்கும் அதுதான் பெயர்.) வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

அந்த முடிவில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், அதில் ஒரு பெரிய பிழையும் இருந்தது. ஐந்நூறு பேருக்குத் தீவனம் இல்லை என்பது சரி. ஐம்பது பேருக்குமா இல்லை? லாங் ஐலண்டில் அன்றைக்கு மேய்ச்சல் நிலம் ஏராளம். நல்ல குதிரையும் கண்ணும் உள்ள ஐம்பது பேரை நிறுத்திக்கொண்டு, மற்றவர்களை மரியாதையாக அனுப்பியிருக்கலாம். அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. குதிரைப்படை என்றால் வாளை உருவிக்கொண்டு பாய்வது என்ற ஒரே எண்ணம். குதிரை என்பது கண்ணும் காதும் என்று அப்போது தோன்றவில்லை. வாஷிங்டன் சிறு வயதிலிருந்தே அருமையாகக் குதிரை ஏறுகிறவர். அவருக்கே தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்டில், லாங் ஐலண்டின் குன்று வரிசையில் நான்கு வழிகள். கோவானஸ் சாலை, ஃப்ளாட்புஷ், பெட்ஃபோர்ட், ஜமைக்கா. முதல் மூன்றிலும் படை இருந்தது. கிழக்கே தள்ளியிருந்த நான்காவதைக் கவனிக்க ஆளில்லை. வாஷிங்டனின் ஜெனரல்களில் ஒருவரான சல்லிவன் பின்னால் காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி உண்டு. தன் பொறுப்பில் இருந்த நாட்களில், இரவில் அந்தச் சாலையில் ரோந்து போகக் குதிரைக்காரர்களுக்கு 50 டாலர் கொடுத்து வைத்திருந்தாராம், அனுப்புவதற்கு வேறு ஆள் இல்லாததால். ஒரு படையின் பின்வாசலைக் காக்க ஒரு ஜெனரல் காசு கொடுத்துக் குதிரைக்காரர்களை வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீவில் கைவசம் இருந்த கொஞ்சம் உள்ளூர்க் குதிரைவீரர்களோ, எதிரி கையில் கால்நடைகள் சிக்கிவிடக் கூடாதென்று மாடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷார் கணவாய்க்குப் பக்கத்தில் ஒரு விடுதியைத் தட்டி, உரிமையாளர் வில்லியம் ஹோவர்டையும் அவர் மகனையும் எழுப்பி, துப்பாக்கி முனையில் வழி காட்டச் சொன்னார்கள். பையனுக்குப் பதினான்கு வயது. காலை ஒன்பது மணிவாக்கில், அமெரிக்கர்களின் முதுகுக்குப் பின்னால் பீரங்கி முழங்கியது. அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். சல்லிவனும் அதில் ஒருவர். அந்தச் சாலையில் பத்துக் குதிரைவீரர்கள் தள்ளித் தள்ளி நின்றிருந்தால், ஒருவன் பிடிபட்டாலும் அடுத்தவன் ஓடி வந்து சொல்லியிருப்பான். எனக்கு அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை. நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் அந்தச் சாலையில் வராமல் போன குளம்புச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பட்ட பிறகு வாஷிங்டன் மாறினார், அதுவும் சீக்கிரமே. அந்த இலையுதிர்காலத்தில் அதே கனெக்டிகட்டிலிருந்து எலைஷா ஷெல்டன் என்ற மேஜர் இன்னொரு தன்னார்வக் குதிரைப்படையோடு வந்தார். நியூஜெர்சி வழியாகப் படை தோற்றுத் தோற்றுப் பின்வாங்கிய அந்த மோசமான நாட்களில் அவர்கள் கூடவே இருந்தார்கள். டிசம்பரில் வாஷிங்டன் காங்கிரஸுக்கு எழுதினார்: இந்த ஆண்டு பட்ட அனுபவத்தில் குதிரைப்படையின் பயன் எனக்குப் புரிந்துவிட்டது, அது இல்லாமல் இந்தப் போரை நடத்தவே முடியாது. ஜூலையில் கவலையில்லை என்று எழுதிய அதே கை. டிசம்பர் 12ஆம் தேதி காங்கிரஸ் ஷெல்டனுக்குப் பதவி கொடுத்து, அரசாங்கச் செலவில் ஒரு குதிரைப்படை ரெஜிமென்ட் திரட்ட அனுமதித்தது. அந்த மாதக் கடைசியில் 3,000 குதிரைவீரர்கள் வரை திரட்டிக்கொள்ள வாஷிங்டனுக்கே அதிகாரம் தந்தது. நான்கு ரெஜிமென்ட்கள் உருவாயின. காகிதத்தில் இருந்த எண்ணிக்கையை அவை ஒருநாளும் எட்டவில்லை என்பது வேறு கதை.

யாரிடமும் எதுவும் கேட்காமல் போரிட்டவர்களும் உண்டு. பிலடெல்பியாவில் 1774 நவம்பரில் 28 வசதியான கனவான்கள் சேர்ந்து சொந்தக் காசில் ஒரு குதிரைப்படை அமைத்தார்கள். டிரென்டன், பிரின்ஸ்டன் சண்டைகளில் வாஷிங்டனோடு நின்றார்கள். அவர்களில் ஒரு சிறு குழு வேவு பார்க்கப் போன இடத்தில் பிரிட்டிஷ் குதிரைவீரர் பன்னிரண்டு பேரைச் சுற்றி வளைத்துப் பிடித்து வந்தது. கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் அது பணம் உள்ளவர்களால் முடிந்தது. சீமோரின் விவசாயிக்கு முடியாது. என் தாத்தாவுக்கும் முடிந்திருக்காது. தன்னார்வத்துக்கு யார் தீவனம் போடுவது என்ற கேள்விக்கு, வசதியுள்ளவன் போட்டுக்கொள்ளட்டும் என்பது பதிலாகாது.

இனி புலாஸ்கி. இந்த மனிதரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசிமிர் புலாஸ்கி 1745இல் வார்சாவில் பிறந்தவர். போலந்தில் ரஷ்ய ஆதிக்கத்துக்கு எதிராகச் சில வருஷம் குதிரைமேல் இருந்தே சண்டை போட்டவர். தோற்று, நாடு இழந்து, பாரிசில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்து, அவர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு 1777 ஜூலையில் அமெரிக்கக் கரையில் இறங்கினார். பதவி இன்னும் வரவில்லை. பதவி இல்லாமலேயே செப்டம்பர் 11ஆம் தேதி பிராண்டிவைன் சண்டையில், வாஷிங்டனின் மெய்க்காவல் குதிரைவீரர்களைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு பாய்ந்து, பின்வாங்கும் படைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். நான்கு நாளில் காங்கிரஸ் அவரைக் குதிரைப்படைத் தளபதி ஆக்கியது.

பதவி வந்தது, குதிரை வரவில்லை. நான்கு ரெஜிமென்ட்களின் ஆட்களும் செய்தி கொண்டுபோகவும் ஜெனரல்களுக்குத் துணை போகவும் என்று பிரித்துப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தார்கள். சேணம் இல்லை, காலணி இல்லை. அந்தப் பனிக்காலத்தில் படை வேலி ஃபோர்ஜில் தங்கியபோது, அங்கே புல் இல்லாததால் குதிரைப்படையை டிரென்டனுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கும் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. வேலி ஃபோர்ஜிலேயே நின்ற வண்டிக்குதிரைகள் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. போதாததற்கு அவருக்கு ஆங்கிலம் வராது. கீழே இருந்த கர்னல்களுக்கு வெளிநாட்டுக்காரன் கட்டளை போடுவது பிடிக்கவில்லை. பனிக்காலம் முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்: ஆள் வேண்டும், குதிரை வேண்டும், ஈட்டி வேண்டும், பயிற்சிக்கு நேரம் வேண்டும். 1778 மார்ச்சில் பதவியை விட்டார்.

விட்டுவிட்டு ஊருக்குப் போகவில்லை. பிலடெல்பியா பிரிட்டிஷார் கையில் இருந்ததால் காங்கிரஸ் யார்க் என்ற சிறு ஊரில் கூடிக்கொண்டிருந்தது. நேரே அங்கே போய், குதிரையும் காலாளும் கலந்த ஒரு தனிப்படை அமைக்க அனுமதி கேட்டார். வாஷிங்டன் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கூடவே, எதிரிப் படையிலிருந்து ஓடி வந்தவர்களையும் கைதிகளையும் சேர்ப்பது பற்றித் தனக்குச் சந்தேகம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. மார்ச் 28ஆம் தேதி தீர்மானம் நிறைவேறியது: ஈட்டி ஏந்திய 68 குதிரைவீரர்கள், 200 காலாட்கள். கேட்டது கிடைத்துவிட்டது.

பால்டிமோரை மையமாக வைத்து ஆள் சேர்த்தார். சில மாதத்தில் முந்நூறுக்கும் மேல் ஆகிவிட்டது. மிஹாய் கோவாச் என்ற ஹங்கேரிக்காரர் பயிற்சி கொடுத்தார். பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஊரில் மொரேவியன் திருச்சபைப் பெண்கள் கருஞ்சிவப்புப் பட்டில் ஒரு சிறு கொடி தைத்துக் கொடுத்தார்கள். அது இன்னும் பால்டிமோரில் பத்திரமாக இருக்கிறது. தோள்மேல் போடும் துண்டு அளவு, அதற்கு மேல் இல்லை. குதிரையில் போகிறவன் ஈட்டியில் கட்டிக்கொள்ள அவ்வளவுதான் முடியும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான போராட்டம் ஆரம்பித்தது. குதிரை விலை ஏறிக்கொண்டே போனது, காங்கிரஸின் காகிதப் பணத்தின் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. ஒதுக்கிய தொகை போதவில்லை. புலாஸ்கி தன் சொந்தப் பணத்தைப் போட்டார். தணிக்கை அதிகாரிகள் ஒவ்வொரு சேணத்துக்கும் காலணிக்கும் ரசீது கேட்டார்கள். போர்க்களத்தில் வளர்ந்தவருக்கு அந்த வழக்கம் தெரியாது. தணிக்கை கேட்டது தப்பு என்று சொல்லமாட்டேன், ஏழை நாட்டுப் பணம் அது. ஆனால் கேட்ட விதத்தில், இவர் தின்றுவிட்டாரோ என்ற சந்தேகம் தொனித்தது. தன் காசைப் போட்டவனுக்கு அதைவிட வலி வேறில்லை.

படையை ஒரு பனிக்காலம் மினிசிங்க் என்ற எல்லைப் பகுதிக்கு அனுப்பினார்கள். சண்டை போட இங்கே கரடிகளைத் தவிர யாருமில்லை என்று அவர் எழுதினார். அங்கும் குதிரைக்குத் தீவனம் கிடைக்கவில்லை. 1779 பிப்ரவரியில் தெற்கே போக உத்தரவு வந்தது. மே 11ஆம் தேதி சார்ல்ஸ்டனுக்கு வெளியே நடந்த சண்டையில் கோவாச் விழுந்தார்.

அந்த ஆகஸ்டில், அதே சார்ல்ஸ்டனிலிருந்து, புலாஸ்கி காங்கிரஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெற்றிச் செய்தி எதுவும் அதில் கிடையாது. முழுக்கக் கணக்கு. தன் படையின் செலவைப் பற்றி, தன் பேரில் வந்த சந்தேகத்தைப் பற்றி, இந்த நாட்டுக்காகத் தன்னைக் கொடுக்க வந்தவனை இப்படி நடத்துவதைப் பற்றி. நொந்துபோன ஒரு மனிதரின் எழுத்து. அதைப் படிக்கும்போது, மாலையில் காசை எண்ணி எண்ணிப் புல்லுக்கட்டுக்கு ஒதுக்கும் ஒரு கை எனக்குத் தெரிந்தது.

கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 19. பிரிட்டிஷார் பிடியில் இருந்த சவானா நகரத்தை முற்றுகையிட்ட அமெரிக்கப் படையும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்து கோட்டை அரண்மீது பாய்ந்த நாள் அக்டோபர் 9. நடுவில் 51 நாள். அந்தக் காலையில் குதிரைமேல் முன்னே போனவரின் தொடைக்கு மேல் பீரங்கியின் சிறு குண்டு பாய்ந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 34. அடுத்த பிப்ரவரியில் அவருடைய படையில் மிஞ்சியவர்களை, ஆர்மண்ட் என்ற இன்னொரு வெளிநாட்டுத் தளபதியின் படையோடு சேர்த்துவிட்டார்கள்.